நாக்கில் வைக்காத வால்வு

கட்டுக்கலை நவரட்ணராஜா ஐயாவின் அடுப்பு முதல் தடவை என்னிடம் வந்தபோது, அதை ஓர் அடுப்பு என்று சொல்வதே பொய். மூன்று அடுப்புகளின் மிச்சம் அது. தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குப் போகும்போது பங்களாச் சாமான்களை ஏலம் போட்டாராம். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த ஐயா ஒரு மரப்பெட்டியை அப்படியே எடுத்து வந்துவிட்டார். "எல்லாம் உள்ளுக்கை இருக்குது நானா, பூட்டினால் சரி," என்றார், முஸ்லிம் ஆட்களை அண்ணன் முறையில் அழைக்கிற பழக்கத்தில். பெட்டிக்குள் ஒன்றாகக் கிடந்தால் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று படித்த மனிதர்களுக்கு ஒரு நம்பிக்கை.

கண்டி டவுனில், கொழும்பு வீதியில் என் மாமனார் ஸெய்னுலாப்தீன் முதலாளியின் கடை. முன்பக்கத்தில் அவருடைய லாம்பு, சிமினி வியாபாரம். பின்பக்கத்து மேசை மட்டும் என்னுடையது. பம்ப் அடித்து லாம்பெண்ணெயில், அதாவது மண்ணெண்ணெயில், எரிகிற பித்தளை அடுப்புகளைத் திருத்துவது என் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம். ஆனாலும் ஹபீலின் கையால் போன சாமான் திரும்பி வராது என்று ஊரில் பேர் இருந்தது. அந்தப் பேரில் எனக்கு இருந்த கர்வத்தை மறைக்க நான் பெரிதாகப் பாடுபட்டதும் இல்லை.

பெட்டியைக் கொட்டி, ஒவ்வொரு துண்டாகப் பார்த்தேன். எண்ணெய்த் தொட்டி நல்ல பழைய சாமான், கனமான பித்தளை. எரிகிற தலை அதனுடையது அல்ல. மரை பெரியது, வேறொரு பெரிய அடுப்பிலிருந்து கழற்றியது. பம்புக் கம்பியோ இன்னொரு கம்பெனியினது. அதன் மூடி இரண்டு சுற்றுக்கு மேல் இறங்கவில்லை. என் பழைய தகரப்பேணிகளைக் கிண்டி, அந்தத் தொட்டிக்கு உரிய தலையைத் தேடி எடுத்தேன். ஆவி பீறுகிற ஊசித் துவாரத்தைக் குத்தித் துப்புரவாக்கினேன். பம்புக்குப் புதுத் தோல் வெட்டி எண்ணெயில் ஊறப்போட்டேன். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தபோது தொட்டி மஞ்சளாகப் பளபளத்தது. இந்த வேலையோடு போன மூன்று வாரமும் நான் வீட்டில் யாரையும் ஏசவில்லை என்று என் மனைவி றம்லத் சொன்னாள்.

கடைசியில் மிஞ்சியது வால்வு. பம்புக் குழாயின் அடியில் சுண்டுவிரல் நுனியளவில் அது இருக்கும். உள்ளே ஒரு சின்னச் சுருள்கம்பி, அதன் நுனியில் பருப்பளவு தக்கை. அடிக்கிற காற்றை உள்ளே விடும், போனதை வெளியே விடாது. அவ்வளவுதான் அதன் உத்தியோகம். தக்கை சரியாக மூடாவிட்டால், தொட்டிக்குள் காற்றழுத்தத்தில் இருக்கும் எண்ணெய் பம்புக்குள் ஏறி, கம்பியை மேலே தள்ளிக்கொண்டு வெளியே பீறும். நெருப்பு அங்கிருந்து ஒரு சாண் தூரத்தில்தான் எரிந்துகொண்டிருக்கும்.

வால்வைச் சோதிக்க எங்களிடம் இருந்த ஒரே கருவி நாக்கு. வால்வின் வாயை நாக்கு நுனியில் வைத்து உறிஞ்ச வேண்டும். தக்கை நன்றாக மூடினால் வால்வு நாக்கிலேயே ஒட்டிக்கொண்டு தொங்கும். மூடாவிட்டால் விழுந்துவிடும். நோன்பு மாதத்தில் பகலில் நாங்கள் எதையும் வாயில் வைப்பதில்லை. அந்த ஒரு மாதத்துக்கும் பக்கத்துக் கடையில் மணிக்கூடு திருத்தும் பொன்னுத்துரைதான் எங்கள் நாக்கு. நாலைந்து வால்வுகளைச் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவன் ஒவ்வொன்றாக உறிஞ்சிப் பார்த்து, "உம்மட மாதம் முடியிறதுக்குள்ள என்ட வயித்துக்கை ஒரு போத்தில் எண்ணெய் போயிடும்," என்று பகிடி விடுவான். வருடாவருடம் நடக்கிற வழமை அது.

அந்த முப்பத்தாறாம் வருடம் நோன்பு நவம்பர் மழையில் வந்தது. ஊரெல்லாம் விறகு நனைந்து கிடந்ததால் எல்லோருக்கும் அடுப்பு அவசரம். பொன்னுத்துரை சொந்தக்காரக் கல்யாணம் என்று யாழ்ப்பாணம் போய்விட்டான். ஒன்பதாம் நோன்பன்று நான் விடியுமுன் சாப்பிடுகிற ஸஹருக்கு எழும்பாமல் தூங்கிவிட்டேன். காலையில் கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டுக்கு லாம்பு பொருத்திக் கொடுத்துவிட்டு, மழையில் நனைந்து திரும்பி வருகிறேன், தலை வெடிக்கிறது. நோன்பு மாதத்தில் தேத்தண்ணிக் கடை வாசல்களில் சாக்குத் திரை தொங்கும். எத்தனையோ வருடம் அந்தத் திரையைத் தாண்டிப் போகும்போது கீழே தெரிகிற கால்களைப் பார்த்து மனதுக்குள் ஏசியிருக்கிறேன். அன்றைக்கு என் காலும் உள்ளே போனது. ஒரு பிளேன்டீ, இரண்டு பணிஸ். பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, நோன்பாளியின் முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு கடைக்கு வந்தேன்.

மாமா கடையில் கதிரையில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். அவர் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்களில் ஒருவர். "பாவம், முகமெல்லாம் வாடிப் பெய்த்தே மகன். இந்த மழையில நோன்போட அலையோணுமா?" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அந்தப் புகழ்ச்சி பிடித்தும் இருந்தது, அதுதான் கேடு.

பகல் ளுஹர் தொழுகை முடிந்த கையோடு பரிமளம் வந்தாள். ஐயாவின் வீட்டில் சமைக்கிறவள், முப்பத்தைந்து வயதிருக்கும். மடுல்கெல்லைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தெடுத்தவள். புருஷன் செத்தபின் தோட்டப் பதிவில் தன் பேரை வெட்டிக்கொண்டு டவுனுக்கு வந்துவிட்டாள். திரும்பிப் போனால் லயத்து வரிசை வீடுகளில் அவளுக்கு ஒரு காம்பரா இல்லை, கொழுந்துக்கூடையும் இல்லை. ஐயாவின் வீட்டுக் குசினிதான் அவளுக்கு எல்லாம்.

"அடுப்பு ஆயிருச்சுங்களா நானா? நாளைக்கு விருந்தாளிங்க வர்றாங்க. அம்மா இன்னைக்கே வாங்கிட்டு வரச் சொன்னாங்க," என்று கடை வாசலில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள்.

வால்வு என் கையில் இருந்தது. மருந்துப் போத்தல் தக்கையில் ஒரு துண்டு வெட்டி அப்போதுதான் உள்ளே வைத்திருந்தேன். நோன்பு திறந்து மஃரிபுக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கலாம். அதுகூட வேண்டாம், எனக்குத்தான் நோன்பே இல்லையே! காலையில் பிளேன்டீ குடித்த நாக்கு வாய்க்குள் சும்மா கிடந்தது. அதை ஒரு நொடி நீட்டினால் போதும். ஆனால் மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு காலமும் பேணுதலாக இருந்தவன் இன்றைக்கு ஏன் வாயில் வைக்கிறான் என்று நினைப்பாரோ, கேட்பாரோ, கேட்டால் என் முகம் காட்டிக் கொடுத்துவிடுமோ என்று பயந்தேன். வால்வை அப்படியே குழாய்க்குள் இறக்கி முடுக்கிவிட்டேன்.

ஸ்பிரிட்டு ஊற்றித் தலையைச் சூடாக்கி, பம்ப் அடித்துப் பற்றவைத்தேன். நீலச் சுவாலை வட்டமாக இரைந்தது. ஐந்து நிமிடம் எரிய விட்டேன், ஒரு குறையும் இல்லை. அந்தக் கோளாறு ஐந்து நிமிடத்தில் வெளியே வராது, தொட்டி நன்றாகச் சூடேற வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. மாமா "மாஷா அல்லாஹ்" என்றார்.

பரிமளம் இரண்டடி பின்னால் நின்றே பார்த்தாள். "இது வெடிக்காதுங்களா நானா?"

எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. "நான் பாத்துக் குடுக்கிற சாமான் வெடிக்கவா? பயமில்லாமக் கொண்டு போ," என்றேன்.

நாலு நாள் கழித்து அடுப்பு சாக்கில் திரும்பி வந்தது. ஐயாவே கச்சேரிக்குப் போகிற வழியில் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பித்தளையெல்லாம் கரி.

"உங்கட வேலையில பிழை சொல்ல வரேல்லை நானா," என்று அவரே தொடங்கினார். "எல்லாம் உவள் பரிமளத்தின்ர வேலை. ஆசைக்குக் கனக்க பம்ப் அடிச்சிருக்கிறாள். எண்ணெய் பீறி நெருப்புப் பிடிச்சுப்போச்சு. குசினி யன்னல் சீலை முழுக்க எரிஞ்சிட்டுது. அவளுக்கும் வலக்கை வெந்துபோச்சு. கேட்டால் என்ன சொல்லுறாள் தெரியுமோ? கம்பி தானா எழும்பினதாம்! பேய் பிடிச்ச அடுப்பாம்!"

அவர் சிரித்தார். மாமாவும் சிரித்தார். கம்பி தானாக எழும்புவதைக் கண்ணால் கண்டவர்தான் சொல்ல முடியும். யாரும் இட்டுக்கட்ட முடியாது. அடுப்பைப் பற்றி ஒன்றும் தெரியாத அந்தப் பெண், என் தொழிலில் இருக்கிறவன் சொல்வதைப்போல நடந்ததை அப்படியே சொல்லியிருக்கிறாள்.

"வாற சனிக்கிழமை மடுல்கெல்லை பஸ்ஸில ஏத்தி விடப்போறன். தான் செய்ததை ஒத்துக்கொண்டாலும் பரவாயில்லை. பொய் சொல்லுற ஆளை வீட்டில வைச்சிருக்கேலாது." ஐயா குடையை விரித்துக்கொண்டே கேட்டார்: "கனக்க அடிச்சால் இப்பிடி வருந்தானே நானா?"

"வரும் ஐயா," என்றேன்.

அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட எடுக்கவில்லை. அவர் போனபின் அடுப்பைக் கழற்றினேன். ஒவ்வொரு துண்டையும் துடைத்து வரிசையாகத் துணியில் பரப்பினேன். தலையில் பிழையில்லை. ஊசித் துவாரம் அடைக்கவில்லை. தலைக்கும் குழாய்க்கும் இடையில் வைத்த ஈய வளையம் நசுங்காமல் இருந்தது. பம்புத் தோல் நல்ல தோல். பிழை இவற்றில் எதிலாவது இருந்துவிடக் கூடாதா என்று ஒவ்வொன்றையும் இரண்டு தரம் பார்த்தேன். கடைசியில் வால்வைக் கழற்றித் தக்கையை உள்ளங்கையில் தட்டினேன். நன்றாக மூடுகிற தக்கையில் முழு வட்டமாக ஒரு தழும்பு விழுந்திருக்கும். இதில் முக்கால் வட்டம்தான் இருந்தது. மிச்சக் கால் பக்கத்தில் நான் கோணலாக வெட்டிய வெட்டு தெரிந்தது. நாக்கில் வைத்திருந்தால் அன்றைக்கே விழுந்திருக்கும்.

அன்று நோன்பு திறக்கும்போது கஞ்சிக் கோப்பையை இரண்டு மிடறோடு தள்ளி வைத்தேன். "என்ன, கஞ்சி சரியில்லையா?" என்று றம்லத் கேட்டாள். "உப்பில்ல," என்று பாய்ந்தேன். உப்பு இருந்தது. நோன்போடு ருசி பார்க்காமல் ஆக்கியவள், அதை நம்பி முகம் சுண்டிப்போய் உப்புக் கிண்ணத்தை எடுத்துவந்தாள். ஒரு நாளில் இரண்டு பெண்களின் மேல் பொய்ப் பழி போட்டாயிற்று என்று அப்போது உறைத்தது.

அதற்குப் பிறகு மூன்று நாள் ஒரு நோன்பும் விடாமல் பிடித்தேன், ஐந்து நேரமும் தொழுதேன். குனிந்தாலும் நிமிர்ந்தாலும் அந்த முக்கால் வட்டம்தான். அவளைப் பார்த்து ஏதாவது கையில் கொடுத்துவிட்டால் போதும் என்று ஒரு தரம் நினைப்பேன். கை வெந்த வேலைக்காரிக்கு நோன்பு மாதத்தில் உதவி செய்தான் ஹபீல் என்று அதிலும் எனக்கே பேர் வரும். அதை நினைத்ததும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து, நல்ல தக்கையாகப் பார்த்துப் புது வால்வு ஒன்று செய்தேன். பழைய வால்வை அந்தக் கோணல் தக்கையோடேயே சேர்த்து மடியில் முடிந்துகொண்டேன். சனிக்கிழமை காலையில் அடுப்பைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டபோது மாமாவும் குடையை எடுத்தார். பள்ளிவாசல் காணி விஷயமாக ஐயாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமாம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

பரிமளம் விறாந்தைப் படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு சீலை மூட்டை. வலக்கை முழங்கைவரை வெள்ளைத் துணியால் சுற்றியிருந்தது. எங்களைக் கண்டதும் எழும்பி ஒதுங்கி நின்றாள். ஐயாவும் அவர் மனைவி பத்மாதேவியும் வெளியே வந்தார்கள்.

"வாங்கோ முதலாளி, வாங்கோ நானா, இருங்கோ," என்றார் ஐயா.

நான் இருக்கவில்லை. இருந்தால் எழும்பமாட்டேன் என்று தெரியும். "ஐயா, அண்டைக்கு நான் செல்லினது பொய். வால்வு பழுதெண்டா கம்பி தானா எழும்பும். பரிமளம் செல்லினதுதான் சரி. பிழை என்ட."

ஐயா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவளில இரக்கப்பட்டுக் கதைக்கிறியளோ நானா?"

மடியிலிருந்து பழைய வால்வை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனேன். "மகன், நோன்பு!" என்று மாமா பதறினார். "விழுங்க மாட்டன் மாமா," என்றுவிட்டு நாக்கில் வைத்து உறிஞ்சினேன். எண்ணெய்க் கசப்போடு காற்று வந்தது. கையை எடுத்ததும் வால்வு தரையில் விழுந்து உருண்டது. பிறகு அடுப்பிலிருந்து புது வால்வைக் கழற்றி அதேபோல் வைத்து உறிஞ்சினேன். அது தொங்கியது. தாடி வைத்த மனிதன் நான், ஒரு கிளாக்கர் வீட்டு விறாந்தையில் நாக்கை நீட்டி, அதில் ஒரு பித்தளைத் துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றேன். யாரும் சிரிக்கவில்லை.

துப்பிவிட்டு வந்ததும் ஐயா கேட்டார். "அப்ப, அண்டைக்கு ஏன் இப்பிடிப் பாக்கேல்லை?" நான் வாயைத் திறக்குமுன் அவரே தலையை ஆட்டினார். "ஓ, நோன்பெல்லோ! வாயில வைக்கேலாதுதானே. விளங்குது நானா, விளங்குது. ஆருக்கும் அவரவர் சமயம் முதல்."

"விழுங்காட்டி முறியாது ஐயா," என்று மாமா பெருமையோடு சேர்த்துக்கொண்டார். "எண்டாலும் என்ட மருமகன் அவ்வளவு பேணுதல். நோன்போட ஒண்டும் வாயில வெக்க மாட்டான்."

இருவருமாகச் சேர்ந்து என்னை அப்பழுக்கில்லாமல் கழுவி எடுத்துவிட்டார்கள். இனி நான் ஸலாம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். வால்வு பழுதுதான், ஆனால் மனிதன் நல்லவன். அந்த நிம்மதி எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கம்.

அப்போது பரிமளம் பேசினாள். "நோன்பு இருக்கிறவங்க மேல எப்படிங்க கொற சொல்றது? எல்லாம் என் நேரங்க," என்று சுற்றிய கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு என்னைக் கும்பிடப் பார்த்தாள். ஒரு கையால் எப்படிக் கும்பிடுவது?

என்னால் தாங்க முடியவில்லை. "அண்டைக்கு எனக்கு நோன்பில்ல," என்றேன்.

ஒருவருக்கும் விளங்கவில்லை. மாமாவின் பக்கம் திரும்பாமல் மறுபடியும் சொன்னேன். "எனக்கு நோன்பில்ல. காலையில கட்டுகஸ்தோட்டைத் தேத்தண்ணிக் கடையில குடிச்சிட்டுத்தான் வந்த நான். வால்வ நாக்கில வெச்சிருக்க ஏலும். மாமா பாத்துட்டு இருந்தார். அவர் கண்ணுல நல்லவனா ஈக்கோணும் எண்டு வெக்கல்ல. அவ்வளவுதான்."

மாமா "ஹபீல்" என்றார், அதுவும் மெதுவாகத்தான். பிறகு குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போனார். பள்ளிக் காணியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது, குடையை விரிக்காமலே நடந்தார்.

ஐயா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பத்மாதேவி அம்மாதான் முதலில் வாய் திறந்தார். "பரிமளம், நீ ஓரிடமும் போக வேண்டாம். மூட்டையைக் கொண்டுபோய் உள்ளுக்கை வை." பரிமளத்தின் முகத்தைப் பார்க்க மாட்டாமல் அவர் உள்ளே போய்விட்டார்.

பரிமளம் அசையவில்லை. "பாத்துக் குடுக்கிறதுன்னு சொன்னீங்களே நானா," என்றாள்.

"செல்லினேன்."

"பாக்கலையா?"

"இல்ல."

அவள் கத்துவாள், மண்ணள்ளித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கீழே கிடந்த பழைய வால்வைப் பார்த்தாள்.

"கம்பி எந்திரிச்சப்பவே நான் விட்டுட்டு ஓடியிருக்கலாங்க. அம்மாவோட புது அடுப்பு, எண்ணெ கொட்டுச்சுன்னா வைவாங்களேன்னு பயந்துட்டேன். அதான் கையாலயே அமுக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அது தள்ளிக்கிட்டே இருந்துச்சு. நீங்க பாத்துக் குடுத்ததாச்சே, சித்த நேரத்துல நின்னுரும்னு நெனச்சேன்."

நாக்கில் எண்ணெய்க் கசப்பு அப்படியே இருந்தது.

அவள் மூட்டையை இடக்கையால் இழுத்து, சீலைகளைத் திரும்ப உள்ளே எடுத்து வைக்க முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். பிறகு வலக்கையையும் கொண்டுவந்தாள். துணிக்கு வெளியே தெரிந்த விரல்கள் விறைத்தபடி நின்றன. முடிச்சின்மேல் பட்டன, ஆனால் பிடிக்கவில்லை. கொழுந்து கிள்ளிய விரல்கள் அவை.

"இத ஒருக்கா அவுத்து விடுங்க நானா," என்றாள். "வெரலு மடங்க மாட்டேங்குது."

நான் படியில் முழந்தாளிட்டு அந்த முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தேன்.